கணினித்திரையில் நிறப்பார்வைச் சோதனை: எந்த அளவுக்கு நம்பலாம்?

வண்ணப் புள்ளிகளால் நிரம்பிய ஒரு வட்டம். அதன் நடுவே ஓர் எண். "உங்களுக்கு என்ன எண் தெரிகிறது? தெரியாவிட்டால் உங்களுக்கு நிறக்குருடு!" என்ற வாசகத்தோடு இத்தகைய படங்கள் நம் கைப்பேசிக்கு அடிக்கடி வந்து சேர்கின்றன. சிலர் விளையாட்டாகப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். வேறு சிலரோ எண் தெரியாமல் போனதும் கலங்கிப் போகிறார்கள்.

நம் நாட்டு மாணவர்களுக்கு இது வெறும் விளையாட்டன்று. வாகனமோட்டும் உரிமத்திற்காகக் கணினித் தேர்வு எழுதிய பலருக்கும், சாலை விதிகள் பற்றிய கேள்விகளோடு இந்தப் புள்ளிப் படங்களும் திரையில் வந்தது நினைவிருக்கும். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது சில துறைகளின் தகுதி விதிகளில் "விண்ணப்பதாரர் நிறக்குருடு அற்றவராக இருத்தல் வேண்டும்" என்ற வரியும் காணப்படுகிறது. அந்த வரியைப் படிக்கும் ஒரு மாணவர் முதலில் செய்வது என்ன? இணையத்தில் ஒரு சோதனையைத் தேடி, தம் திரையிலேயே செய்து பார்ப்பதுதான். அந்தத் திரை சொல்லும் விடையை வைத்து ஒரு துறையையே கைவிடுபவரும் இருக்கலாம். தமக்குக் குறையே இல்லை என்று நம்பிவிட்டுப் பின்னாளில் மருத்துவப் பரிசோதனையில் அதிர்ச்சி அடைபவரும் இருக்கலாம்.

அப்படியானால் கணினித்திரையில் செய்யும் நிறப்பார்வைச் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம்? அதில் உள்ள சிக்கல்கள் யாவை? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் நிறத்தைக் காண்பது எப்படி?

நம் கண்ணின் பின்புறத்தில் விழித்திரை உள்ளது. அதில் நிறத்தை உணர்வதற்கென்றே கூம்பு உயிரணுக்கள் இருக்கின்றன. இவை மூன்று வகைப்படும். ஒரு வகை ஏறக்குறைய 560 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கும், இன்னொரு வகை 530 நானோமீட்டர் ஒளிக்கும், மூன்றாம் வகை 420 நானோமீட்டர் ஒளிக்கும் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. எளிமைக்காக இவற்றைச் சிவப்பு, பச்சை, நீலக் கூம்புகள் என்று அழைப்பது வழக்கம். இம்மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தை முடிவு செய்கிறது.

இவற்றில் ஒரு வகை முற்றிலும் இல்லாமல் போகலாம். அல்லது இருந்தும், அதன் உணர்திறன் சற்று இடம் மாறியிருக்கலாம். இந்த இரண்டாம் நிலையே மிகுதியாகக் காணப்படுகிறது. இவர்கள் உலகைக் கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதில்லை. சில நிறங்களைப் பிரித்தறியத்தான் சிரமப்படுகிறார்கள். ஆகவே, "நிறக்குருடு" என்பதைவிட "நிறப்பார்வைக் குறைபாடு" என்பதே பொருத்தமான சொல்லாகும்.

சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் நிறப்புரியில் அமைந்துள்ளன. ஆண்களுக்கு ஓர் எக்ஸ் நிறப்புரி மட்டுமே உண்டு. அதுவும் தாயிடமிருந்தே வருகிறது. எனவே தாய்மாமனுக்கோ தாய்வழித் தாத்தாவுக்கோ இக்குறைபாடு இருந்தால், மருமகனுக்கும் பேரனுக்கும் வர வாய்ப்புண்டு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 0.5 விழுக்காட்டினருக்கும் இக்குறைபாடு உண்டு. ஆசிய ஆண்களிடையே இது சற்றுக் குறைவு. ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் எனலாம். அப்படியென்றால் 40 ஆண்கள் அமர்ந்திருக்கும் ஒரு விரிவுரை மண்டபத்தில் இருவருக்காவது இது இருக்கக்கூடும்.

இக்குறைபாட்டை முதன்முதலில் அறிவியல் முறையில் விவரித்தவர்களுள் ஒருவர் அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன். 1794-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் தம் சொந்தப் பார்வையைப் பற்றியே அவர் உரையாற்றினார். தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருப்பதே காரணம் என்று அவர் கருதினார். 1844-இல் அவர் இறந்த பின் அவர் விருப்பப்படியே கண்ணைத் திறந்து பார்த்தனர். திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அக்கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்தபோதுதான் பச்சைக் கூம்புக்குரிய மரபணு அவருக்கு இல்லை என்பது தெரியவந்தது. நிறப்பார்வையைச் சொந்த அனுபவத்தால் மட்டும் அளந்துவிட முடியாது என்பதற்கு டால்டனே சான்று.

கம்பளி நூலிலிருந்து புள்ளிப் படம் வரை

1875-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ஓட்டுநருக்குச் சமிக்ஞை விளக்கின் நிறம் சரியாகத் தெரியாமல் போயிருக்கலாம் என்று உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோம்கிரென் ஐயுற்றார். வண்ண வண்ணக் கம்பளி நூல்களைக் கொடுத்து, ஒத்த நிறங்களைத் தெரிந்தெடுக்கச் சொல்லி ரயில்வே ஊழியர்களை அவர் சோதித்தார். அந்த ஓட்டுநருக்கு உண்மையிலேயே குறைபாடு இருந்ததா என்பது இன்றும் விவாதத்திற்குரியது. எனினும், பணியாளர்களின் நிறப்பார்வையைச் சோதிக்கும் வழக்கம் அதன்பின் உலகெங்கும் பரவியது.

இன்று நாம் நன்கறிந்த புள்ளிப் படங்களை உருவாக்கியவர் ஜப்பானியக் கண் மருத்துவரான ஷினோபு இஷிஹாரா. 1917-ஆம் ஆண்டு இவை வெளியிடப்பட்டன. முழுப் பதிப்பில் 38 படங்கள் உள்ளன. முதல் படத்தில் உள்ள 12 என்ற எண் எல்லாருக்கும் தெரியும். அடுத்த படத்தில் இயல்பான பார்வையுடையவர் 8 என்று படிப்பார். சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர் 3 என்று படிப்பார். இன்னும் சில படங்களில் குறைபாடு உள்ளவருக்கு எண்ணே தெரியாது. வேறு சில படங்களிலோ இதற்கு நேர்மாறாக, இயல்பான பார்வையுடையவருக்குத்தான் எண் தெரியாது! கைப்பேசிக்கு வரும் ஒற்றைப் படத்தில் எண் தெரியவில்லை என்று கலங்குபவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இப்படங்களின் நுட்பம் இரண்டு செய்திகளில் அடங்கியுள்ளது. முதலாவதாக, குறைபாடு உள்ளவர் குழப்பிக்கொள்ளும் நிறங்களையே இணை இணையாகத் தெரிந்தெடுத்து, ஒன்றை எண்ணுக்கும் மற்றொன்றைப் பின்னணிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டாவதாக, புள்ளிகளில் சில வெளிர்ந்தும் சில அடர்ந்தும் இருக்குமாறு வேண்டுமென்றே கலந்திருக்கிறார்கள். ஆகையால் வெளிச்ச வேறுபாட்டை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க இயலாது. நிறத்தை வைத்து மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

சோதனை செய்வதற்கும் விதிகள் உண்டு. பகல் வெளிச்சம் நன்கு பரவிய அறையில், நேரடி வெயில் படாமல், 75 சென்டிமீட்டர் தூரத்தில், பார்வைக்குச் செங்குத்தாகப் படத்தைப் பிடிக்க வேண்டும். மூன்று விநாடிகளுக்குள் விடை சொல்ல வேண்டும். முதல் 21 படங்களில் 17 அல்லது அதற்கு மேற்பட்டவற்றைச் சரியாகப் படித்தால் இயல்பான பார்வை. 13 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் குறைபாடு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தாது.

திரை நமக்குக் காட்டுவது என்ன?

காகிதத்தில் அச்சிட்ட மை, தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. திரை அப்படியன்று. அதுவே ஒளியை உமிழ்கிறது. அதிலும் அதனிடம் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகள் மட்டுமே. மஞ்சளுக்கென்று தனி ஒளி கிடையாது. சிவப்பையும் பச்சையையும் தக்க அளவில் சேர்த்து ஒளிரச் செய்தால், நம் கூம்புகள் மஞ்சள் ஒளிக்கு எப்படித் தூண்டப்படுமோ அப்படியே தூண்டப்படுகின்றன. மூளையும் அதை மஞ்சள் என்றே ஏற்றுக்கொள்கிறது.

இங்கேதான் அடிப்படைச் சிக்கல் தொடங்குகிறது. எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை சேர்த்தால் மஞ்சள் கிடைக்கும் என்ற கணக்கு, இயல்பான கண்ணை வைத்துப் போடப்பட்ட கணக்காகும். கூம்பின் உணர்திறன் இடம் மாறிய ஒருவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 1907-ஆம் ஆண்டு நாகெல் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த வேறுபாட்டைக் கொண்டே ஒரு கருவியை அமைத்தார். அக்கருவியில் ஒரு பாதியில் தூய மஞ்சள் ஒளி. மறுபாதியில் சிவப்பும் பச்சையும் கலந்த ஒளி. இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை கலவையை மாற்றச் சொல்வார்கள். இயல்பான பார்வையுடையவர் ஏற்றுக்கொள்ளும் கலவையை, கூம்பின் உணர்திறன் இடம் மாறியவர் பொதுவாக ஏற்பதில்லை. சிவப்பு-பச்சைக் குறைபாட்டைத் துல்லியமாக வகைப்படுத்த இன்றும் இக்கருவியே உரைகல்லாகக் கருதப்படுகிறது.

ஆக, காகிதத்தில் உள்ள படமும் அதன் திரை நகலும் நமக்கு ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால், யாரைச் சோதிக்க வேண்டுமோ அவருக்கு அவை இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. படத்தைத் திரைக்கு மாற்றியவர் தம் இயல்பான கண்ணால் பார்த்து, "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது போதாது.

நடைமுறைச் சிக்கல்கள்

முதலாவது சிக்கல், திரைக்குத் திரை நிறம் வேறுபடுவது. 1996-இல் ஹெச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுத் தரத்தை முன்மொழிந்தன. 1999-இல் அது அனைத்துலகத் தரமானது. ஆனாலும் எல்லாத் திரைகளும் அதை அப்படியே பின்பற்றுவதில்லை. மலிவான மடிக்கணினி சிலவற்றில் சிவப்பு வெளிறிக் காணப்படும். புதிய கைப்பேசிகள் சிலவற்றில் படங்கள் பளிச்சென்று தெரிவதற்காக நிறங்கள் மிகைப்படுத்தப்படுகின்றன. விடுதியில் நண்பர்கள் மூவர் ஒரே படத்தைத் தத்தம் கைப்பேசியில் திறந்து அருகருகே வைத்துப் பார்த்தாலே இது புரிந்துவிடும். குழப்பிக்கொள்ளும் நிறங்களைத் தேடித்தேடி இணை சேர்த்தவர் இஷிஹாரா. அந்த இணையில் ஒன்று சற்றே நகர்ந்தாலும் குழப்பம் நீங்கிவிடும். குறைபாடு உள்ளவரும் எண்ணைப் படித்துவிடுவார்.

இரண்டாவது சிக்கல் வெளிச்சம். இதுவே மிக முக்கியமானது. திரையில் ஒவ்வொரு நிறத்திற்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. 128 என்பது ஏறக்குறைய பாதி எண். ஆனால் அது பாதி வெளிச்சத்தைத் தருவதில்லை. வழக்கமான அமைப்பில் அது முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய 22 விழுக்காட்டைத்தான் தருகிறது. 2009-ஆம் ஆண்டுவரை மேக்கிண்டோஷ் கணினிகள் வேறோர் அமைப்பைப் பின்பற்றின. அதில் அதே 128 ஏறக்குறைய 29 விழுக்காட்டு வெளிச்சத்தைத் தந்தது. ஒரே படம், ஒரே எண். வெளிச்சம் மட்டும் வேறு! இவ்வாறு மாறும்போது, எண்ணைச் சார்ந்த புள்ளிகள் அனைத்தும் பின்னணியைவிட ஒட்டுமொத்தமாக வெளிர்ந்தோ அடர்ந்தோ போய்விடலாம். அப்போது குறைபாடு உள்ளவர் நிறத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தை வைத்தே விடை சொல்லிவிடுவார். மேலும், சிவப்புக் கூம்பு இல்லாதவருக்குத் திரையின் சிவப்பு ஒளி நமக்குத் தெரிவதைவிட மங்கலாகவே தெரியும். அவருக்கு அதுவே ஒரு துப்பாகிவிடுகிறது.

மூன்றாவது சிக்கல், பயனரின் அமைப்புகளும் சூழலும். இரவில் கண் கூசாமல் இருப்பதற்காக நீல ஒளியைக் குறைக்கும் வசதி இப்போது பெரும்பாலான கைப்பேசிகளிலும் கணினிகளிலும் உண்டு. அது இயங்கும்போது திரை முழுவதும் மஞ்சள் பூத்துவிடும். அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தைத் தானாகவே மாற்றும் வசதியும் சில கருவிகளில் உண்டு. மடிக்கணினித் திரையைச் சற்றுச் சாய்த்தாலே நிறம் மாறுவதை நாம் அனைவரும் கண்டிருப்போம். சன்னல் வெளிச்சம் திரையில் பட்டுப் பிரதிபலித்தால் நிறங்கள் வெளிறி, இயல்பான பார்வையுடையவரும் தடுமாறுவார்.

நான்காவது சிக்கல் படத்தின் தரம். இணையத்தில் உலவும் படங்கள் பல, புத்தகத்தை யாரோ வருடி எடுத்த நகல்கள். வருடும் கருவிக்கும் மூன்று நிறங்களே தெரியும். அது கண்டதைத்தான் நாம் காண்கிறோம். போதாக்குறைக்கு, ஜெபெக் முறையில் படத்தைச் சுருக்கும்போது வெளிச்சத் தகவலை நுணுக்கமாகவும் நிறத் தகவலைத் தோராயமாகவும் சேமிப்பதே வழக்கம். சாதாரணப் புகைப்படத்திற்கு இதனால் தீங்கில்லை. நிறத்தை மட்டுமே நம்பியிருக்கும் படத்திற்கோ இது கேடு. கைமாறிக் கைமாறி வரும் படம் ஒவ்வொரு முறையும் மறுபடியும் சுருக்கப்படுகிறது.

ஐந்தாவது சிக்கல் சோதனை முறை. வீட்டில் மூன்று விநாடிக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? படத்தைப் பெரிதாக்கியும் கண்ணருகே கொண்டுவந்தும் அரை நிமிடம் உற்றுப் பார்ப்பவர்கள் உண்டு. விடைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே படங்கள் ஒரே வரிசையில் வந்தால் மனப்பாடம் செய்துவிடலாம்.

இருபக்கமும் தவறு நேரும்

இச்சிக்கல்களால் சோதனை ஒரே திசையில் பிழையாவதில்லை. குறைபாடு இல்லாதவரை இருப்பதாகவும், இருப்பவரை இல்லாதவராகவும் அது காட்டக்கூடும். குறிப்பாக, இலேசான குறைபாடு உள்ளவர்கள் திரையில் எளிதில் தப்பிவிடலாம். சுருங்கச் சொன்னால், திரைச் சோதனை கண்ணை மட்டும் சோதிப்பதில்லை. கண்ணையும் திரையையும் சேர்த்தே சோதிக்கிறது. வரும் விடையில் எது கண்ணின் பங்கு, எது திரையின் பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சந்தையில் தராசு சரியாக இருந்தால்தான் மீனின் எடை சரியாக இருக்கும். தராசையே சோதிக்காமல் மீனைக் குறைசொல்லிப் பயனில்லை.

அப்படியானால் கணினி உதவாதா?

உதவும், தராசைச் சரிபார்த்தால் காகிதத்தைவிடச் சிறப்பாகவே உதவும். 1989-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மோலன், ரெஃபின் ஆகியோர் கணினிக்கென்றே ஒரு சோதனையை வடிவமைத்தனர். அவர்கள் இஷிஹாராவின் படத்தை நகலெடுக்கவில்லை. அதன் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். திரையில் புள்ளிகளுக்கு நடுவே வாய் திறந்த வளையம் ஒன்று தோன்றும். திறப்பு மேலா, கீழா, இடமா, வலமா என்று சொல்ல வேண்டும். புள்ளிகளின் வெளிச்சத்தைக் கணினி தற்செயலாக மாற்றிக்கொண்டே இருப்பதால் வெளிச்சத்தை வைத்து ஏமாற்ற முடியாது. விடையை மனப்பாடம் செய்யவும் முடியாது. ஒவ்வொரு சரியான விடைக்கும் நிற வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே சென்று, அவரால் காணக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு எது என்று கணினி அளந்துவிடுகிறது. "உண்டு", "இல்லை" என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு என்றும் சொல்கிறது.

லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஜான் பார்பர் குழுவினர் உருவாக்கிய மற்றொரு சோதனையில், மினுமினுக்கும் சாம்பல் நிறக் கட்டங்களின் நடுவே வண்ணச் சதுரம் ஒன்று நகரும். அது எத்திசையில் நகர்கிறது என்பதற்கேற்பப் பொத்தானை அழுத்த வேண்டும். விமானிகளுக்கு எவ்வளவு நிறப்பார்வை உண்மையிலேயே தேவை என்பதை இச்சோதனையின் துணையுடன் ஆராய்ந்து, பிரிட்டிஷ் பொது விமானப் போக்குவரத்து ஆணையம் 2009-இல் அறிக்கை வெளியிட்டது. ஓடுபாதையின் அருகே உள்ள சிவப்பு, வெள்ளை விளக்குகளைக் கண்டறிவதில், சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இயல்பான பார்வையுடையவர்களுக்கு இணையாகவே செயல்பட முடியும் என்பது அதில் தெரியவந்தது. புள்ளிப் படத்தில் தோற்றதால் மட்டுமே கதவு மூடப்பட்ட பலருக்கு, சரியாக அளக்கும் கணினி கதவைத் திறந்துவிட்டது எனலாம்.

இத்தகைய சோதனைகளுக்கும் நம் கைப்பேசிப் படத்திற்கும் என்ன வேறுபாடு? அங்கே திரையின் ஒளி கருவி கொண்டு அளக்கப்படுகிறது. திரை சூடேறி நிலைபெறும்வரை காத்திருக்கிறார்கள். அறை இருட்டாக்கப்படுகிறது. தூரம் நிர்ணயிக்கப்படுகிறது. குறிப்பிட்ட காலத்திற்கொரு முறை திரை மீண்டும் சரிபார்க்கப்படுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

திரையில் எண் தெரியவில்லை என்றால் முதலில் கலங்க வேண்டாம். இரவு வசதியை அணைத்துவிட்டு, வேறு திரைகளிலும் பார்க்கலாம். மீண்டும் மீண்டும் தடுமாறினால், அல்லது தாய்வழி உறவினருக்குக் குறைபாடு இருந்தால், பதிவு பெற்ற கண் பரிசோதகரிடமோ கண் மருத்துவரிடமோ சென்று முறையான சோதனை செய்துகொள்ள வேண்டும். நிறப்பார்வையைத் தகுதியாகக் கேட்கும் துறைக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர், திரையில் எல்லா எண்களும் தெரிந்தாலும், விண்ணப்பத்திற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. குறைபாடு உண்டு என்று உறுதியானால், அது எவ்வகை, எந்த அளவு என்றும் கேட்டறிய வேண்டும். இலேசானதற்கும் கடுமையானதற்கும் வேறுபாடு நிறைய உண்டு.

நம் வாசகர்களுள் பலர் நாளைய ஆசிரியர்கள். இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டும் ஒரு மாணவனை வகுப்பில் சந்தித்தால், கவனக்குறைவு என்று கண்டிப்பதற்கு முன் அவன் கண்ணைச் சோதிக்கச் சொல்லிப் பெற்றோரிடம் தெரிவிக்கலாம். கணினித் துறையில் பயில்பவர்கள், அளக்கப்படாத திரையில் ஓடும் சோதனைச் செயலியை எழுத நேர்ந்தால், "இது முடிவன்று, மருத்துவரை நாடவும்" என்ற ஒரு வரியையாவது தாய்மொழியில் சேர்க்கலாம். சோதனை நடத்தும் நிலையங்களும் தங்கள் திரைகளை அவ்வப்போது அளந்து சரிபார்ப்பது கடமையாகும்.

அளக்கப்படாத ஒரு திரை, இன்னொருவரின் கண்ணை அளக்கும் தகுதியைப் பெறாது. நம் எதிர்காலத் துறையையோ தொழிலையோ முடிவு செய்யும் உரிமையை அத்தகைய திரையிடம் ஒப்படைக்காமல் இருப்போமாக.